கதவில் இரண்டாவது பவர் விண்டோ சுவிட்ச்: அழுத்தியதும் ஃபியூஸ் போகிறது

தாமிரபரணி எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் 2008-இல் வாங்கிய சிறிய கார் ஒன்று இருக்கிறது. முன்கதவுகளுக்கு மட்டுமே பவர் விண்டோ உண்டு. அவற்றின் சுவிட்சுகள் கதவில் இல்லாமல், கியர் கம்பிக்குப் பின்னால் கைப்பிரேக்கை ஒட்டி அமைந்துள்ளன. அப்பாவுக்கு இப்போது 67 வயது. இரவில் கண்ணாடியை இறக்க வேண்டியிருந்தால் சாலையிலிருந்து பார்வையை எடுத்து, குனிந்து, விளக்கு வெளிச்சமில்லாத அந்த இடத்தில் சுவிட்சைத் தேடுகிறார். சென்ற மாதம் நான்குவழிச் சாலையில் அவர் அப்படிக் குனிந்ததைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்த நான், வலப்பக்கக் கதவின் கைத்தாங்கியில் அவர் கைக்கு எட்டும்படி இன்னொரு சுவிட்ச் வைத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். நடுவிலுள்ள பழைய சுவிட்சும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். அப்பா இறங்கிக் கடைக்குச் சென்றபின், இடப்பக்கம் அமர்ந்திருக்கும் அம்மா அதைக் கொண்டுதான் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஏற்றுகிறார்.

பழையதைப் போலவே ஐந்து பின் (ஒயர் இணைக்கும் முனை) கொண்ட சுவிட்ச் ஒன்றை வாங்கினேன். பழைய சுவிட்சின் ஐந்து ஒயர்களிலிருந்தும் கிளை எடுத்து, கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வழியாகக் கொண்டுசென்று, புதிய சுவிட்சில் அதே எண்ணுள்ள பின்களில் இணைத்தேன். புதிய சுவிட்சை அழுத்திய கணத்திலேயே 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் போய், இரண்டு கண்ணாடிகளும் நின்றுவிட்டன. வேறு ஃபியூஸ் போட்டுப் பழைய சுவிட்சை அழுத்தினேன், அதுவும் போயிற்று. உதிரிபாகக் கடையில் கேட்டபோது 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அப்படிச் செய்யலாமா? புதிய சுவிட்ச் பழுதானதா?

பழைய பட்டறை எழுதியது:

40 ஆம்பியர் ஃபியூஸை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். ஃபியூஸ் காப்பது மோட்டாரை அன்று, ஒயரை. அந்த ஒயர் தாங்கும் அளவைக் கணக்கிட்டுத்தான் 30 என்று வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரியதைப் போட்டால், ஃபியூஸ் உருகுவதற்கு முன் கம்பளத்துக்கு அடியில் ஒயரின் உறை உருகத் தொடங்கும். இரண்டு ஃபியூஸும் அழுத்திய கணத்திலேயே போயிருப்பதால், இது சுமை கூடியதால் வந்த கோளாறு அன்று. பிளஸ் எங்கோ நேராக எர்த்தில், அதாவது பேட்டரியின் மைனஸோடு இணைந்த வண்டி உடலில் சேர்கிறது.

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, புதிய சுவிட்சின் பிளக்கைப் பிரித்து வைத்துவிடுங்கள். கதவுக்குள்ளும் நடுப்பெட்டியிலும் மஞ்சள் நிற உறையுள்ள ஒயரோ பிளக்கோ தென்பட்டால் அது ஏர்பேக் சார்ந்ததாக இருக்கக்கூடும். அதில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. பிறகு பேட்டரியை இணைத்து, புதிய 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, பழைய சுவிட்ச் மட்டும் இயங்குகிறதா என்று பாருங்கள். புதிய சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, அழுத்தாதபோதும், ஏற்றும்போதும், இறக்கும்போதும் எந்தப் பின் எதனுடன் சேர்கிறது என்று குறித்து எழுதுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

சொன்னபடியே செய்தேன். புதியதைப் பிரித்தபின் பழைய சுவிட்ச் நன்றாக இயங்குகிறது, ஃபியூஸும் நிற்கிறது. புதிய சுவிட்சை அழுத்தாதபோது 1-உம் 2-உம் சேர்ந்திருக்கின்றன, 4-உம் 5-உம் சேர்ந்திருக்கின்றன, 3 எதனுடனும் சேரவில்லை. ஏற்றும் பக்கம் அழுத்தினால் 3-உம் 2-உம் சேர்கின்றன, 4-உம் 5-உம் பிரியாமல் இருக்கின்றன. இறக்கும் பக்கம் அழுத்தினால் 3-உம் 4-உம் சேர்கின்றன, 1-உம் 2-உம் பிரியாமல் இருக்கின்றன. 1-க்கும் 5-க்கும் இடையே எந்த நிலையிலும் தொடர்பில்லை. நடுப்பெட்டியில் 3 எண் ஒயரில் சாவி போட்டால் 12 வோல்ட் வருகிறது. 1, 5 இரண்டும் எர்த்.

செப்புக்கம்பி எழுதியது:

இவ்வளவு தெளிவாக அளந்து எழுதியதற்கு நன்றி. உங்கள் சுவிட்ச் பழுதானதன்று. இணைத்த முறையில்தான் சிக்கல் இருக்கிறது.

வீட்டு விளக்குச் சுவிட்ச் அழுத்தாதபோது திறந்த நிலையில் இருக்கும். ஆனால் இவ்வகைக் கார்களின் பவர் விண்டோ சுவிட்ச், அழுத்தாதபோது மோட்டாரின் இரண்டு முனைகளையும் எர்த்தில் வைத்திருக்கும். அழுத்தும்போது ஒரு முனை மட்டும் எர்த்தை விட்டுப் பிளஸுக்கு மாறுகிறது, மறு முனை எர்த்திலேயே நிற்கிறது. திசையை மாற்றுவது இப்படித்தான். கையை எடுத்ததும் இரண்டு முனைகளும் ஒன்றுசேர்வதால், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தான் உண்டாக்கும் மின்சாரத்தாலேயே தடுக்கப்பட்டுச் சட்டென்று நிற்கிறது. கண்ணாடி நாம் விட்ட இடத்தில் துல்லியமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் இணைப்பைப் பாருங்கள். புதியதில் ஏற்றும் பக்கத்தை அழுத்தினால் அதன் 2-இல் 12 வோல்ட் வருகிறது. அந்த 2, பழைய சுவிட்சின் 2-உடன் கிளை ஒயரால் சேர்ந்திருக்கிறது. பழையதை யாரும் அழுத்தவில்லை. ஆகவே அதன் 2, அதன் 1 வழியாக எர்த்தில் இருக்கிறது. மோட்டாரைத் தொடாமலே பிளஸ் நேராக எர்த்துக்குப் போய்விட்டது. பழையதை அழுத்தினாலும் இதே கதை, திசை மட்டும் மாறியது. இத்தகைய இரண்டு சுவிட்சுகளைப் பக்க இணைப்பாக வைக்கவே முடியாது.

இடப்பக்கக் கதவுக்கு இரண்டு இடங்களில் சுவிட்ச் உள்ள கார்களில் தொழிற்சாலையில் செய்வது தொடர் இணைப்பு. ஒரு சுவிட்சின் மோட்டார் முனைகள், மோட்டாருக்கு அருகிலுள்ள மற்ற சுவிட்சின் எர்த் இடங்களுக்கு வருகின்றன. உங்கள் புதிய சுவிட்சில் 1-உம் 5-உம் தனித்தனியாக இருப்பதால் இது அப்படியே பொருந்தும். வேலையும் குறைவு, ஏனெனில் மோட்டாருக்கான இரண்டு ஒயர்கள் ஏற்கெனவே உங்கள் ஓட்டுநர் பக்கக் கதவுக்குள் இருக்கின்றன.

கதவுக்குள் அந்த இரண்டையும் வெட்டுங்கள். பழைய சுவிட்சின் 2-இலிருந்து வரும் முனையைப் புதியதின் 1-இல் கொடுத்து, அதே ஒயரின் மோட்டார் பக்க முனையைப் புதியதின் 2-இல் கொடுங்கள். பழையதின் 4-இலிருந்து வருவதைப் புதியதின் 5-இல் கொடுத்து, அதன் மோட்டார் பக்க முனையை 4-இல் கொடுங்கள். 3-க்குப் பழைய சுவிட்சின் 3-இலிருந்து எடுத்த ஒரே ஒரு ஒயர் போதும். அதே ஃபியூஸின் காப்பும் அதற்குக் கிடைக்கும். அது 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழை ஒயராக இருக்கட்டும். கதவு திறந்து மூடும்போது ஒற்றை இழை சீக்கிரம் முறிந்துவிடும். மற்ற நான்கு கிளைகளையும் முழுமையாக எடுத்துவிடுங்கள். புதிய சுவிட்சுக்குத் தனி எர்த் வேண்டியதில்லை. பழையதின் வழியாகவே எர்த் வந்துசேரும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை வேண்டாம். அப்போது மோட்டாரின் இரு முனைகளிலும் 12 வோல்ட் இருக்கும். கண்ணாடி நகராது, ஃபியூஸும் போகாது.

நீரோட்டம் எழுதியது:

செப்புக்கம்பி சொன்னது முற்றிலும் சரி. இதே வேலையைச் செய்ய விரும்பும் மற்றவர்களுக்காக ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். சில சுவிட்சுகளில் எர்த்துக்கு ஒரே பின்தான் இருக்கும்; உள்ளே இரண்டு இடங்களும் ஒன்றாகவே இணைந்திருக்கும். அவற்றை மோட்டார் பக்கத்தில் வைத்துத் தொடர் இணைப்புச் செய்தால், பழைய சுவிட்சின் இரண்டு முனைகளும் அந்த ஒரே பின்னில் சேர்ந்து மீண்டும் ஃபியூஸ் போகும். அதற்கு ஐந்து பின் ரிலே (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இணைப்பை மாற்றும் சுவிட்ச்) இரண்டு வேண்டும்: 30 எண் பின் மோட்டாருக்கு, 87 பிளஸுக்கு, 87-ஏ எர்த்துக்கு. அங்கும் இரண்டு சுவிட்சுகளிலிருந்து ரிலே சுருளுக்கு வரும் ஒவ்வொரு ஒயரிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று வைக்க வேண்டும். இல்லையேல் அழுத்தாத சுவிட்ச் மறுபடி எர்த்தைக் கொண்டுவந்துவிடும். ஒரே தொடுதலில் தானாக ஏறி, கை குறுக்கே வந்தால் திரும்பி இறங்கும் கண்ணாடியுள்ள வண்டிகளில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். அங்கே சுவிட்ச் மின்னணுப் பெட்டிக்குச் செய்தி மட்டுமே அனுப்புகிறது.

சுவிட்ச் வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். கைத்தாங்கியின் மேல் துருத்திக்கொண்டிருந்தால், ஒரு குழந்தை அதில் முட்டியை ஊன்றிக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும்போது கண்ணாடி ஏறிவிடக்கூடும். பள்ளமான சட்டத்துக்குள் பதித்து, மேலே இழுத்தால்தான் ஏறும் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தாமிரபரணி எழுதியது:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். முதல் முறை புதிய சுவிட்ச் சரியாகவும் பழையது தலைகீழாகவும் இயங்கின. 1-க்கும் 5-க்கும் வந்த ஒயர்களை மாற்றியதும் சரியாயிற்று. இரண்டுமே தலைகீழாக இருந்திருந்தால் மோட்டார் பக்க ஒயர்களை மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்று படம் வரைந்து பார்த்தபோது புரிந்தது. அதே 30 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கிறது. இரண்டு சுவிட்சையும் வேண்டுமென்றே எதிர்த்திசையில் அழுத்திப் பார்த்தேன். செப்புக்கம்பி சொன்னதுபோலவே கண்ணாடி அசையவில்லை. நான் வாங்கியது அழுத்தினால் ஏறும் வகைதான் என்பதால், அதைக் கைத்தாங்கியின் மட்டத்துக்குக் கீழே பதித்திருக்கிறேன். இழுத்தால் ஏறும் வகை தனித்தனி எர்த் பின்களுடன் கிடைத்தால் மாற்றிவிடுவேன்.

கதவின் உட்பலகையைக் கழற்றியபோது அதன் பின்னாலிருந்த பாலித்தீன் தாள் ஓரத்தில் கிழிந்துவிட்டது. அதை அப்படியே விட்டு மூடிவிடலாமா?

பழைய பட்டறை எழுதியது:

விட வேண்டாம். கண்ணாடியின் வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் அந்தத் தாளில் வழிந்து, கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். கிழிசல் இருந்தால் நீர் உட்பலகைக்கு வந்து, உங்கள் புதிய சுவிட்சின் பின்களில் பச்சை பிடிக்கும். கிழிந்த இடத்தின் மேல் கனமான பாலித்தீன் துண்டு ஒன்றைப் பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி, தாளின் கீழ் விளிம்பு கதவின் உட்பக்கமாகவே இறங்கும்படி வைத்துவிட்டு, பலகையைப் பொருத்துவதற்கு முன் கண்ணாடியின் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.