பேஸ் ஆயிலில் ஜெயிக்கும் பாலிமர், முழு ஆயிலில் தோற்கிறது: உதவி தேவை

வணக்கம். என்ஜின் ஆயிலில் உராய்வைக் குறைக்க ஒரு பாலிமர் தயாரித்து வருகிறேன். பாலிமெத்தாக்ரிலேட் சங்கிலிதான்; ஒரு முனையில் மட்டும் அமீன் (நைட்ரஜன் கொண்ட தொகுதி) உள்ள பகுதி. அந்த முனை எஃகைப் பிடித்துக்கொள்ளும், மீதிச் சங்கிலி எண்ணெய்க்குள் நீண்டு தடித்த படலமாக நிற்கும் என்பது கணக்கு.

வேறெதுவும் கலக்காத வெறும் பேஸ் ஆயிலில் (அடிப்படை எண்ணெயில்) கணக்கு பலிக்கிறது. 100 டிகிரியில் எஃகுத் தட்டின்மேல் எஃகு உருண்டையை ஓட்டும்போது, வேகம் குறையக் குறைய ஏற வேண்டிய உராய்வுக் கோடு படுத்தே கிடக்கிறது. அதே பாலிமரை, மற்ற சேர்மானங்களும் உள்ள முழு ஃபார்முலாவில் கலந்தேன். அவ்வளவுதான், கோடு பழையபடி எகிறிவிட்டது!

அதிலுள்ள டிடர்ஜென்டும் (அழுக்கு படியாமல் காப்பது) ஜிங்க் டைதயோபாஸ்பேட்டும் (தேய்மானத்தைத் தடுப்பது) முந்திக்கொண்டு எஃகில் துண்டு போட்டுவிடுகின்றன என்று சந்தேகம். டிடர்ஜென்டை எடுத்துவிட்டு ஓட்டினால் ஓரளவு மீள்கிறது. ஆனால் அது இல்லாமல் என்ஜின் ஆயில் ஏது?

அமீனுக்குப் பதில் ஹைட்ராக்சில் (OH) தொகுதி வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? பிடிக்கும் பகுதியை நீளமாக்கினால் பலன் இருக்குமா, இல்லை கரையாமல் அடியில் தங்கிவிடுமா? அப்புறம், உராய்வைக் குறைக்க மாலிப்டினம் சேர்க்கச் சொல்ல வேண்டாம். அந்த வேலைக்கு உலோகமே இல்லாத வழியைத்தான் தேடுகிறேன்.