கமரா என்பது அறையா, படம் பிடிக்கும் கருவியா?

உப்புவெளி வாசகி:

வணக்கம். நிலாவெளிக்குப் போகும் வீதியில் உள்ள ஒரு விடுதியின் பெயர்ப்பலகையில் சிங்களத்தில் "காமர" என்றும், அதன் கீழே தமிழில் "கமரா வாடகைக்கு உண்டு" என்றும் எழுதியிருக்கிறார்கள். தம்பியின் கல்யாணத்துக்கு வந்த எங்கள் பெரியப்பா, படம் பிடிக்கும் கமராவைத்தான் வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று நம்பி உள்ளே போய் விசாரித்து, வெறுங்கையுடன் திரும்பினார். எழுதியவர் அறையைக் குறிக்கும் சிங்களச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார் என்பது விளங்குகிறது. ஆனால் இரு சொற்களும் இவ்வளவு ஒத்திருப்பது தற்செயலா, அல்லது இரண்டுக்கும் வேர் ஒன்றா?

திருக்கடலூரான்:

தங்கச்சி, வேர் ஒன்றுதான். இலத்தீனில் "கமெரா" என்றால் வளைந்த கூரையுடைய அறை. அது கிரேக்கத்திலிருந்து அங்கே போன சொல். பிரெஞ்சின் "ஷாம்பர்", ஆங்கிலத்தின் "சேம்பர்", ஒல்லாந்தரின் "காமர்" எல்லாம் அதன் பிள்ளைகளே. கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் இங்கே திருகோணமலையில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும் அறையைக் "காமரா" என்றார்கள். சிங்களத்தின் "காமரய", இந்தியின் "கம்ரா" இரண்டும் அவர்கள் வாய்வழி வந்தவை. இத்தாலியில் இன்றும் விடுதியில் "கமெரா" கேட்டால் அறையைத்தான் திறந்து காட்டுவார்கள். அவர்களுடைய நாடாளுமன்றத்தின் கீழவைக்கும் அதே பெயர்.

படக்கருவிக்கு இந்தப் பெயர் பிந்தித்தான் வந்தது. சிறு வயதில் எங்கள் வீட்டு நடு அறையின் யன்னலை மத்தியானத்தில் சாத்தினால், பலகையில் இருந்த ஆணித் துளை வழியே வெளிச்சம் புகுந்து, முற்றத்துத் தென்னை எதிர்ச் சுவரில் தலைகீழாக ஆடும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், மரத்தின் உச்சியிலிருந்து துளைக்குள் நுழையும் கதிர் சுவரின் அடியிலும், அடியிலிருந்து வரும் கதிர் மேலேயும் விழுகின்றன. இத்தகைய இருட்டறைக்கு வானியலாளர் கெப்ளர் 1604இல் "கமெரா ஒப்ஸ்குரா" என்று பெயரிட்டார். "இருண்ட அறை" என்பதே அதன் பொருள். பின்னர் அந்த அறை ஒரு பெட்டியாகச் சுருங்கியது. பெயரில் "இருண்ட" என்ற பாதி உதிர்ந்து, "அறை" மட்டும் நின்றது. நாம் கையில் தூக்கித் திரிவது அந்தச் சிறிய அறையைத்தான்.

மலைநாட்டு மருமகள்:

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அறை என்ற பொருள் தமிழுக்கு வரவேயில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நான் பிறந்த தோட்டத்தில், தொழிலாளருக்கான வரிசை வீடாகிய லயத்து வீட்டைக் "காம்பரா" என்றே சொல்வோம். 10 அடிக்கு 12 அடியான ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் வைத்து நாங்கள் ஏழு பேர் வளர்ந்தோம். திருகோணமலைக்கு மருமகளாக வந்த புதிதில் மாமியிடம் "காம்பராவைக் கூட்டிவிட்டேன்" என்று சொன்னபோது, அவருக்கு அது விளங்கவில்லை. ஸ்பானிய மொழியில் ஒரே அறையில் தங்கிய படைவீரர்களை "கமராத" என்று அழைத்ததிலிருந்தே, தோழரைக் குறிக்கும் "காம்ரேட்" வந்தது என்று அறிந்த நாளில் எனக்கு எங்கள் லயம்தான் நினைவுக்கு வந்தது.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

பெயர்ப்பலகையை விடப் பாரதூரமான பிழை ஒன்றைப் பத்திரிகையில் கண்டிருக்கிறேன். "இன் கமெரா" முறையில் வழக்கு விசாரிக்கப்படும் என்பதை "கமரா முன்னிலையில்" என்று பெயர்த்திருந்தார்கள். பொதுமக்களையும் செய்தியாளரையும் வெளியே நிறுத்தி, மூடிய அறையில் நடத்தும் விசாரணை அது. பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்து, தன் சாட்சியத்தைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று அஞ்சினால் அதற்கு யார் பொறுப்பு? "மூடிய அறை விசாரணை" என்று எழுதினால் போதும்.

உப்புவெளி வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று பின்னேரம் அந்த விடுதிக்குப் போய் முதலாளி ஐயாவிடம் விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை, சரியான சொல்லை எழுதித் தரும்படி கேட்டார். "அறைகள் வாடகைக்கு உண்டு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.