ரூம் கேட்டு வரும் 'ஆர்மி' போன்

கொடைக்கானல் காட்டேஜ்காரர்:

நாங்கள் போகாத நாட்களில் காட்டேஜை வாடகைக்கு விடுகிறோம். நெட்டில் நம்பர் போட்டதிலிருந்து இந்த போன் வந்துகொண்டே இருக்கிறது. ராணுவ அதிகாரி பேசுகிறேன், பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு ரூம் வேண்டும் என்பார். வாடகையைச் சொன்னால் பேரமே பேச மாட்டார். ஐநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டும் ஊரில் இதுவே உறுத்த வேண்டும். உடனே வாட்ஸ்அப்பில் ஐடி கார்டு, கேன்டீன் கார்டு, சீருடையில் ஒரு போட்டோ எல்லாம் வந்து விழும்.

அப்புறம்தான் விஷயம். "எங்களுடையது மிலிட்டரி அக்கவுன்ட். நீங்கள் ஐந்து ரூபாய் போடுங்கள், பத்தாகத் திரும்பி வரும்." போட்டால் நிஜமாகவே பத்து வரும். அந்தத் தைரியத்தில், அட்வான்ஸ் வாங்கிக்கொள்ள என்று அடுத்து அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, யுபிஐ பின் (PIN) நம்பரைப் போட்டால், அட்வான்ஸ் தொகை நம் கணக்கிலிருந்து போய்விடும். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பரே தேவையில்லை. இதைச் சொன்னதும் "ஆர்மிக்காரனையே சந்தேகப்படுகிறாயா?" என்று ஒருமைக்கு இறங்கிவிட்டார்.

ஏலகிரியிலிருந்து:

இதே மாதிரி ஆட்கள் எங்களை விட்டுவிட்டு, எங்கள் காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைப் பிடித்தார்கள். "ஓனரிடம் பேசியாச்சு, நீங்கள் ஸ்கேன் மட்டும் பண்ணுங்கள்" என்றிருக்கிறார்கள். பாவம், ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. அவர் மகள் உடனே சைபர் க்ரைம் உதவி எண்ணான 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்ததால் கொஞ்சம் பணத்தை மேலே போகவிடாமல் நிறுத்த முடிந்தது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. இப்போது புக்கிங் எல்லாம் என் போனுக்கு மட்டும்தான்.

சென்னையிலிருந்து:

எனக்குச் சொந்தமாகக் காட்டேஜ் இல்லை, ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்தான் (பணம் கட்டிச் சேர்ந்தால் வருடத்தில் சில நாள் அவர்கள் ரிசார்ட்டில் தங்கலாம்). வருடா வருடம் மெயின்டனன்ஸ் கட்டியே ஓய்ந்துபோனவர்களைக் குறிவைத்து ஒரு போன் வருகிறது: "உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் இருக்கிறது சார், 18% ஜிஎஸ்டியை மட்டும் முதலில் கட்டிவிடுங்கள்." மெம்பர்ஷிப் நம்பர், சேர்ந்த வருடம் எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். அது எப்படி வெளியே போனது என்பதுதான் எனக்கு எரிச்சல். "வரவேண்டிய பணத்திலேயே கழித்துக்கொள்ளுங்களேன்" என்றேன். லைன் கட்.

சில வாரம் கழித்து வேறொரு குரல். உங்களை ஏமாற்றியவர்களைப் பிடித்துவிட்டோம், பணம் திரும்ப வர வக்கீல் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள் என்றது. நான் யாரிடமும் ஏமாறவில்லையே என்றேன். "சார், நல்லா யோசிச்சுப் பாருங்க" என்கிறார்!