மறு: ‘ஃபால்ஸ் டேட்டா இன்ஜெக்‌ஷன்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஐயா, நண்பர்களே, வணக்கம். மின்தொகுப்பின் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் வலையமைப்பின்) மீட்டர்கள் அனுப்பும் அளவுகளில் வேண்டுமென்றே பொய்யைக் கலந்து கட்டுப்பாட்டு அறையை ஏமாற்றும் தாக்குதலுக்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஐயா எழுதியது:

> ‘போலித் தரவு உட்செலுத்தல்’ என்றே வைத்துக்கொள்வோம். மூலச்சொல்லோடு அப்படியே பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு இடிக்கிறது.

முதலில் ‘உட்செலுத்தல்’. மின்பொறியியலில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மின்நிலையம் ஒரு பஸ்ஸில் (லைன்கள் கூடும் இணைப்புமுனையில்) கொண்டுவந்து சேர்க்கும் மின்திறனையும் ‘இன்ஜெக்‌ஷன்’ என்றுதான் சொல்கிறார்கள், அதற்கும் மீட்டர் உண்டு. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் மாணவர் குழம்பிப்போவார். தாக்குதலுக்குப் ‘புகுத்தல்’ போதும்.

‘போலி’தான் பெரிய சிக்கல். மின்தொகுப்பின் கட்டுப்பாட்டு அறைக்கு ஆயிரக்கணக்கான அளவுகள் வருகின்றன. மீட்டர் பழுதாகும், தகவல்தொடர்பு தடுமாறும். அதனால் வந்த அளவுகளை அப்படியே நம்பாமல், எல்லாவற்றுக்கும் மிக நெருக்கமாகப் பொருந்தும் தொகுப்பின் நிலையைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். 1970இல் எம்.ஐ.டி.யின் பிரெட் ஷ்வெப்பி முன்வைத்த முறை இது. ‘நிலை மதிப்பீடு’ என்ற பெயர் இதற்குச் சரியாக இருக்கிறது. (‘நிலைக் கணிப்பு’ என்றால் நாளை நடப்பதைச் சொல்வதுபோல் ஆகிவிடும்.) மீட்டர் சொன்னதற்கும் கணக்கு சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் ‘எச்சம்’. அது எல்லை மீறினால் அந்த அளவைத் தள்ளிவிடுவார்கள்.

ஓர் இடத்துக்கு 100 மெகாவாட் வருகிறது, இரண்டு லைன்களில் 60ம் 40ம் போகிறது என்று வையுங்கள். 60 காட்டவேண்டிய மீட்டர் 75 காட்டினால் கூட்டல் உதைக்கும், பிடிபடும். ஆனால் ஒருவர் வரவையும் 115 ஆக்கி, அந்த லைன்களின் மறுமுனை மீட்டர்களையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டே போனால்? எங்கும் உதைக்காது, எச்சமும் கூடாது. தொகுப்பின் அமைப்பு தெரிந்தவரால் இப்படிச் செய்யமுடியும் என்று 2009இல் யாவ் லியூ, பெங் நிங், மைக்கேல் ரைட்டர் மூவரும் காட்டினார்கள்.

ஆக, பழைய சோதனை பிழையைப் பிடிக்கும். திட்டமிட்ட பொய்யைப் பிடிக்காது. நாம் உருவாக்கும் சொல் இந்த வேறுபாட்டைக் காட்டவேண்டும். ‘போலி’ என்றால் பார்த்தால் தெரிந்துவிடும் நகல் என்ற எண்ணமும் வருகிறது. வேண்டுமென்றே செய்து, நல்லதோடு நல்லதாகக் கலந்துவிடுவதற்குத் தமிழில் நாள்தோறும் புழங்கும் சொல் இருக்கிறதே: கள்ள நோட்டு, கள்ள ஓட்டு, கள்ளக் கணக்கு. கள்ளக் கணக்கில் கூட்டல் பிழை இருக்காது, பக்கத்துக்குப் பக்கம் சரியாக இருக்கும். நம் தாக்குதலும் அச்சு அசல் அதுதான்.

என் பரிந்துரை: பழுதால் வருவது ‘பிழைத்தரவு’, சதியால் வருவது ‘கள்ளத்தரவு’. தாக்குதல் ‘கள்ளத்தரவு புகுத்தல்’.

உக்ரைனை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வேண்டாம் என்பேன். 2015 டிசம்பர் 23இல் அங்கே மூன்று மின் வினியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், தொலைவிலிருந்தே பிரேக்கர்களைத் (லைனைத் துண்டிக்கும் சுவிட்சுகளை) திறந்துவிட்டார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. கட்டுப்பாட்டைக் கைப்பற்றியதால் நடந்தது அது. இங்கே வைத்தால் சொல்லின் பொருள் கலங்கிவிடும்.

இத்தாக்குதலைப் பிடிப்பதற்குக் ‘கண்டறிதல்’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும். கள்ளத்தரவைக் கண்டறியும் வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. சில லைன்களின் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்தை லைன் தடுக்கும் அளவை) அவ்வப்போது கொஞ்சம் மாற்றுகிறார்கள், அது கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும்தான் தெரியும். பழைய அமைப்பை வைத்துக் கணக்குப் போட்டவரின் பொய் அப்போது உதைக்கத் தொடங்கும், எச்சம் கூடும். வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டது தெரியாமல் பழைய சாவியோடு வருகிறவர் மாட்டிக்கொள்வதுபோல. இந்த உத்திக்கு இன்னும் நம்மிடம் பெயர் இல்லை. ‘அமைப்பு மாற்றிக் காத்தல்’ என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன், நீளமாக இருக்கிறது. யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.

‘கள்ளத்தரவு’க்கு ஐயா சம்மதித்தால் இந்த வாரமே சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.