பிஎச்பி 8.2: வார்னிங் எல்லாம் பக்கத்தில் கொட்டுகிறது, எரர்_ரிப்போர்ட்டிங்(0) போட்டால் எதுவுமே தெரியவில்லை

கீற்று (கேள்வி)

வணக்கம். 7.4இல் ஓடிய பழைய தளம் ஒன்றை 8.2க்கு ஏற்றியிருக்கிறேன். சர்வரில் டெபியன் லினக்ஸ், வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், பிஎச்பியை ஓட்டுவது பிஎச்பி-எஃப்பிஎம் என்ற தனிச் சேவை. இப்போது பக்கத்தின் உச்சியிலேயே ‘வார்னிங்: அன்டிஃபைன்ட் அரே கீ "பேஜ்"’, ‘டெப்ரிகேட்டட்: கிரியேஷன் ஆஃப் டைனமிக் ப்ராப்பர்ட்டி’ என்று வரிசை கட்டி வருகிறது. 7.4இல் இதில் ஒன்றுகூட வந்ததில்லை.

செய்து பார்த்தவை: இண்டெக்ஸ்.பிஎச்பியின் முதல் வரியில் எரர்_ரிப்போர்ட்டிங்(0) போட்டேன். திரை சுத்தமாகிவிட்டது, ஆனால் ஏதாவது பக்கம் விழுந்தால் வெறும் வெள்ளைத் திரை, லாகிலும் (பிழைப் பதிவுக் கோப்பிலும்) ஒரு வரி இல்லை. அப்பாச்சியின் அடைவு அமைப்புக் கோப்பான .எச்டிஅக்சஸில் ‘பிஎச்பி_ஃபிளாக் டிஸ்ப்ளே_எரர்ஸ் ஆஃப்’ என்று எழுதினேன், பலனில்லை. பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயிலும் மாற்றினேன். ‘பிஎச்பி -ஐ’ கட்டளை ஆஃப் என்றுதான் காட்டுகிறது, பிரவுசரில் மட்டும் பிழைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

பார்வையாளருக்குத் தெரியக்கூடாது, எனக்குத் தெரிய வேண்டும். எங்கே கோட்டை விடுகிறேன்?

நத்தை

எரர்_ரிப்போர்ட்டிங்(ஈ_ஆல் ^ ஈ_நோட்டீஸ் ^ ஈ_டெப்ரிகேட்டட்) என்று போடுங்கள், முடிந்தது.

வல்லினம்

முடியாது. ‘அன்டிஃபைன்ட் அரே கீ’ 7.4 வரை ‘அன்டிஃபைன்ட் இண்டெக்ஸ்’ என்ற நோட்டீஸ், 8.0இல் அதை வார்னிங் ஆக்கிவிட்டார்கள். நோட்டீஸை அடைத்தால் அது அடைபடாது. அதோடு, ^ குறி ஒரு பிட்டை அணைப்பதில்லை, திருப்பிப் போடுகிறது. ஏற்கெனவே இல்லாத பிட் என்றால் ஏற்றிவிடும். கழிக்க வேண்டும் என்றால் & ~ தான் சரி.

கீற்று, நீங்கள் இரண்டு திருகுகளை ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எரர்_ரிப்போர்ட்டிங் என்பது எந்தெந்தப் பிழையைக் கணக்கில் எடுப்பது என்று சொல்வது. டிஸ்ப்ளே_எரர்ஸ், லாக்_எரர்ஸ் இரண்டும் அப்படி எடுத்ததை எங்கே அனுப்புவது என்று சொல்பவை. முதலாவதைப் பூஜ்யம் ஆக்கினால் திரைக்கும் போகாது, லாகுக்கும் போகாது. உங்கள் வெள்ளைத் திரைக்குக் காரணம் அதுதான். இன்னொரு கெடுதலும் உண்டு: டிஸ்ப்ளே_எரர்ஸ் ஆன் ஆக இருக்கும்போது ஃபேட்டல் எரர் வந்தால் பதிலின் நிலை எண் 200 ஆகவே போகும். ஆஃப் ஆக இருந்து, ஹெடர்கள் (பக்கத்துக்கு முன்னால் போகும் தலைப்பு வரிகள்) இன்னும் கிளம்பாமல் இருந்தால்தான் பிஎச்பி 500 அனுப்பும். 200ஐ மட்டும் பார்க்கும் கண்காணிப்புக் கருவிக்கு உங்கள் வெள்ளைப் பக்கம் நலமாக இருப்பதாகவே தெரியும்.

7.4இல் ஏன் வரவில்லை? எரர்_ரிப்போர்ட்டிங் எங்கும் எழுதப்படாவிட்டால் 7.x நோட்டீஸ், ஸ்ட்ரிக்ட், டெப்ரிகேட்டட் மூன்றையும் விட்டுவிடும். 8.0 முதல் இயல்பு மதிப்பே ஈ_ஆல். டைனமிக் ப்ராப்பர்ட்டி எச்சரிக்கையோ 8.2இல்தான் பிறந்தது.

நேரடித் தளத்துக்கு நான்கு வரி போதும்:

எரர்_ரிப்போர்ட்டிங் = ஈ_ஆல்
டிஸ்ப்ளே_எரர்ஸ் = ஆஃப்
லாக்_எரர்ஸ் = ஆன்
எரர்_லாக் = /வார்/லாக்/பிஎச்பி/தளம்.லாக்

டெப்ரிகேட்டட் லாகை நிரப்பினால் முதல் வரியை மட்டும் ‘ஈ_ஆல் & ~ஈ_டெப்ரிகேட்டட்’ என்று மாற்றுங்கள். வார்னிங்கை ஒருபோதும் கழிக்காதீர்கள்.

அகல்விளக்கு

உங்கள் மாற்றம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு:

என்ஜின்எக்ஸ் .எச்டிஅக்சஸைத் திறந்துகூடப் பார்க்காது. அப்பாச்சியாக இருந்தாலும் பிஎச்பி_ஃபிளாக் வரி மாட்_பிஎச்பியோடுதான் (அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டும் மாட்யூல்) செல்லும்; எஃப்பிஎம்மோடு எழுதினால் பெரும்பாலும் 500 தான் கிடைக்கும். மாட்_பிஎச்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஈ_ஆல் என்ற பெயர் செல்லாது, 32767 என்று எண்ணாகத்தான் எழுத வேண்டும்.

‘பிஎச்பி -ஐ’ காட்டுவது கட்டளை வரிக்கான அமைப்பை. டெபியனில் /ஈடிசி/பிஎச்பி/8.2/ என்ற அடைவுக்குள் சிஎல்ஐ, எஃப்பிஎம் என்று தனித்தனி பிஎச்பி.ஐஎன்ஐ இருக்கிறது. நீங்கள் மாற்றியது சிஎல்ஐயில் இருப்பதை. பிரவுசரில் பிஎச்பிஇன்ஃபோ() ஓட்டி ‘லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ என்ற வரியைப் பாருங்கள் (பார்த்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்). அங்கே ஒவ்வொரு அமைப்புக்கும் லோக்கல், மாஸ்டர் என்று இரண்டு கட்டம் இருக்கும். மாஸ்டர் ஆஃப், லோக்கல் ஆன் என்றால் நிரலோ, தளத்தின் அடைவில் வைக்கும் .யூசர்.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்போ குறுக்கே புகுந்து மாற்றுகிறது என்று பொருள். திருத்தியபின் பிஎச்பி8.2-எஃப்பிஎம் சேவையை ரீலோட் செய்ய மறக்க வேண்டாம்.

சர்வரில் ரூட் அனுமதி இல்லாதவர்கள் .யூசர்.ஐஎன்ஐயில் எழுதலாம். அது 300 விநாடிக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கப்படும். எழுதிய மறு நொடியே பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று அழிப்பவர்கள் அதிகம்.

கீற்று

ஆமாம், சிஎல்ஐ கோப்பைத்தான் திருத்தியிருக்கிறேன். இப்போது எஃப்பிஎம் கோப்பை மாற்றினேன், திரை சுத்தம். ஆனால் தளம்.லாக் உருவாகவே இல்லை.

வல்லினம்

அடைவை பிஎச்பி உருவாக்காது, கோப்பை மட்டுமே உருவாக்கும். அதுவும் எஃப்பிஎம் வொர்க்கர் ஓடும் பயனர் பெயரில், டெபியனில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. /வார்/லாக் ரூட்டுக்குச் சொந்தம், அங்கே அவரால் எழுத முடியாது. பிஎச்பி என்ற அடைவை உருவாக்கி, சோவ்ன் கட்டளையால் அந்தப் பயனருக்குக் கொடுங்கள். பழைய லாகைச் சுழற்றி ஒதுக்கும் லாக்ரொட்டேட் வைத்தால் ‘கிரியேட் 0640’ வரியிலும் அதே பயனர் இருக்கட்டும்.

இதுவரை வந்த பிழைகள் தொலைந்துபோயிருக்காது. கோப்பைத் திறக்க முடியாதபோது பிஎச்பி அதை வெப் சர்வரிடம் தள்ளிவிடும். என்ஜின்எக்ஸின் எரர்.லாகில் ‘ஃபாஸ்ட்சிஜிஐ சென்ட் இன் எஸ்டிடிஎர்ர்’ என்று தேடுங்கள், அதன் பின்னால் ‘பிஎச்பி மெசேஜ்’ என்று இருக்கும்.

லாகைத் தளத்தின் பொது அடைவுக்குள் வைக்காதீர்கள். வேர்ட்பிரஸில் டபிள்யூபி_டீபக்_லாக் ஆன் செய்தால் டீபக்.லாக் டபிள்யூபி-கன்டென்ட் அடைவுக்குள்ளேயே விழும். சர்வரில் தடுக்காவிட்டால் முகவரி தெரிந்த எவரும் திறந்து படிக்கலாம்.

கூர்மதி

விட்டுப்போன சில.

ஐஎன்ஐ_செட்('டிஸ்ப்ளே_எரர்ஸ்', '1') என்று கோப்பின் தலையில் எழுதிவிட்டு, அதே கோப்பில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் எதுவும் தெரியாது. பார்ஸ் எரர் வந்தால் கோப்பின் முதல் வரிகூட ஓடாதே! பிழை காட்டும் அமைப்பு நிரலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எக்ஸ்டென்ஷனோ பிளகினோ டிஸ்ப்ளே_எரர்ஸை மறுபடி ஆன் செய்துவிடும் என்ற பயம் இருந்தால், எஃப்பிஎம் பூல் கோப்பில் (வொர்க்கர் குழுவின் அமைப்புக் கோப்பு) பிஎச்பி_அட்மின்_ஃபிளாக்[டிஸ்ப்ளே_எரர்ஸ்] = ஆஃப் என்று எழுதுங்கள். ஐஎன்ஐ_செட் அதைத் தொட முடியாது.

ஜேசன் வடிவில் தரவு அனுப்பும் கோப்புகளையும் ஒருமுறை பாருங்கள். திரைக்கு வரும் வார்னிங் <பிஆர் /> என்ற குறியோடு தொடங்கும். அது ஜேசனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் பிரவுசரில் ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <’ என்று விழும். ஆள் ஜாவாஸ்கிரிப்டைக் குடைந்துகொண்டிருப்பார். அதே வரிசையில் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’டும் வரும். அவுட்புட்_பஃபரிங் 4096 என்றால் சிறிய வார்னிங் இடையகத்திலேயே தங்கி ஹெடர் தப்பித்துவிடும், நிறைய வந்தால் மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான்.

பழைய நிரல் என்கிறீர்கள், பிழைச் செய்தியை அடக்கும் @ குறி எத்தனை இடத்தில் என்று தேடிவிடுங்கள். 8.0 முதல் @ ஃபேட்டல் எரரை மறைக்காது. பிழைகளை நீங்களே கையாள, சொந்தமாக செட்_எரர்_ஹேண்ட்லர் வைத்து அதில் எரர்_ரிப்போர்ட்டிங்() === 0 என்று சோதிக்கும் வரி இருந்தால் அதுவும் உடைந்திருக்கும்: @ போட்ட இடத்தில் இப்போது 0 அல்ல, 4437 கிடைக்கும். !(எரர்_ரிப்போர்ட்டிங்() & $எர்நோ) என்று மாற்றுங்கள்.

கீற்று

@ 41 இடம், ஹேண்ட்லர் ஒன்று, அதே === 0 சோதனையோடு. அடைவைச் சரிசெய்ததும் லாக் எழுதுகிறது. $_கெட்['பேஜ்'] என்று இருந்த இடங்களை $_கெட்['பேஜ்'] ?? 1 என்று மாற்றிக்கொண்டு வருகிறேன். டைனமிக் ப்ராப்பர்ட்டிக்கு?

அகல்விளக்கு

கிளாஸில் அந்தப் ப்ராப்பர்ட்டியை அறிவித்துவிடுவதே முறை. தொட முடியாத பழைய கிளாஸ் என்றால் அதன் தலையில் #[அலவ்டைனமிக்ப்ராப்பர்ட்டீஸ்] போடலாம். 8.4க்குப் போகும் எண்ணம் இருந்தால் ஈ_ஸ்ட்ரிக்ட் என்ற பெயர் எங்கேனும் இருக்கிறதா என்றும் இப்போதே தேடிவிடுங்கள். அங்கே அந்த மாறிலியே டெப்ரிகேட்டட், ஈ_ஆலின் மதிப்பும் 30719 ஆகிவிட்டது.