டாக்டர் 'இம்ப்ரூவ்மென்ட் இருக்கு'ன்னா என்ன அர்த்தம்? தம்பிக்கு எப்படி எழுதுறது?

சிஐடிநகர்_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையால வீட்டுல பெரிய மனஸ்தாபம் ஆயிடுச்சு. அப்பாவுக்கு 71 வயசு. நிமோனியான்னு ஒன்பது நாளா ஐசியூவுல இருக்கார். செவ்வாய்க்கிழமை காலையில டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் இம்ப்ரூவ்மென்ட் இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. துபாய்ல இருக்கிற தம்பிக்கு உடனே "டாடி இம்ப்ரூவ்ட்"னு போட்டேன். அவன் சரியாயிட்டார்னு நினைச்சு டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டான். அன்னைக்கு ராத்திரியே அப்பாவுக்கு மறுபடி மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. "நீதானேக்கா சரியாயிடுச்சுன்னே"ன்னு போன்ல அழறான். நான் எழுதினது தப்பா? இனிமே தினமும் எப்படி எழுதணும்?

பெரம்பூர்_ரவி:
இம்ப்ரூவ்னா முன்னேற்றம், அவ்வளவுதான் சிஸ்டர். நீங்க எழுதினதுல தப்பில்லை. அப்பா நல்லா வந்துடுவார்.

மயிலை_ஆசிரியை:
ரவி தம்பி, அர்த்தம் சரிதான். ஆனா இங்கே சிக்கல் அர்த்தத்துல இல்லை. இம்ப்ரூவ்ங்கிற சொல் முன்னே இருந்ததைவிடப் பரவாயில்லைன்னு மட்டும்தான் சொல்லும். எங்கே வந்து நிக்குதுன்னு சொல்லவே சொல்லாது. 30 வருஷம் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தவ சொல்றேன். போன பரீட்சையில 12 மார்க் வாங்கின பையன் இந்தத் தடவை 28 வாங்கினா "ஹேஸ் இம்ப்ரூவ்ட்"னு ரிப்போர்ட் கார்டுல எழுதுவேன். அது பொய்யில்லை. ஆனா பாஸ் மார்க் 35 ஆச்சே! அதைப் படிச்சுட்டு அவங்க அம்மா ஸ்வீட் வாங்கிட்டு வந்து நின்னாங்க. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கலை.

தமிழ்ல யோசிச்சுப் பாரும்மா. "அப்பா தேறி வர்றார்" வேற, "தேறிட்டார்" வேற. நீ மனசுல நினைச்சது முதலாவது, தம்பி படிச்சது ரெண்டாவது. முதலாவதுக்கு "இஸ் இம்ப்ரூவிங்". ரெண்டாவதுக்கு இம்ப்ரூவே வேண்டாம், "ஹேஸ் ரெக்கவர்ட்"தான் சரி. நடுவுல "ஹேஸ் இம்ப்ரூவ்ட்" இருக்கு, நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்லைன்னு அர்த்தம். நீ போட்ட மெசேஜ்ல 'ஹேஸ்' இல்லாததால அது முடிஞ்சுபோன விஷயம் மாதிரி ஆயிடுச்சு. கூடவே "ஸ்லைட்லி" சேர்த்திருந்தா அவன் டிக்கெட்டைத் தொட்டிருக்க மாட்டான்.

உன் பேரைப் பார்த்ததும் இன்னொண்ணு சொல்லத் தோணுது. நீ இருக்கிற இடத்துப் பேர்லயே இந்த வார்த்தை இருக்கு. சி.ஐ.டி.ன்னா சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1961-ல வீட்டு வசதி வாரியம் வர்ற வரைக்கும் சென்னையில மனை பிரிச்சு வீடு கட்டினவங்க அவங்கதான். லாபம்னு பொருள் தர்ற பழைய பிரெஞ்சுச் சொல்லுல இருந்து வந்தது இம்ப்ரூவ். நிலத்தை நல்லாப் பயன்படுத்தி வருமானம் பார்க்கிறதுக்குத்தான் ஆரம்பத்துல அதிகம் சொன்னாங்க. ப்ரூவ் பண்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

நைட்டூட்டி_நர்ஸ்:
அக்கா, நான் ஐசியூ நர்ஸ். மேடம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. டாக்டர் இம்ப்ரூவ்மென்ட்னு சொன்னா "எதுல சார்?"னு தயங்காம கேளுங்க. காய்ச்சல் இறங்கியிருக்கலாம், சிறுநீர் நல்லாப் போயிருக்கலாம், ஆனா மூச்சு அப்படியே இருக்கலாம்.

முக்கியமா, "ஆக்ஸிஜன் கூடியிருக்கு"ன்னு யாருக்கும் எழுதாதீங்க. ரத்தத்துல கூடினா நல்லது. நாங்க கொடுக்கிற அளவைக் கூட்டினா அது கெட்ட சேதி. ரெண்டு நம்பரையும் சேர்த்துக் கேளுங்க. நிமிஷத்துக்கு எட்டு லிட்டர் கொடுத்து ரத்தத்துல 94 சதவீதம் காட்டினதும், நாலு லிட்டர்ல அதே 94 காட்டுறதும் ஒண்ணு கிடையாது. ரெண்டாவதுதான் உண்மையான இம்ப்ரூவ்மென்ட். டிஸ்சார்ஜ் சம்மரியில "இம்ப்ரூவ்ட்"னு போட்டிருந்தாலும் பூரணமா குணமாயிட்டார்னு நினைச்சு மாத்திரையை நிறுத்திடாதீங்க.

பெரம்பூர்_ரவி:
இது எனக்குத் தெரியாது. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்.

சிஐடிநகர்_மகள்:
மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. மேடம், தங்கச்சி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் "எதுல சார்?"னு கேட்டுட்டேன். டாக்டர் நின்னு, சார்ட்டைத் திருப்பிக் காட்டினார். நேத்து எட்டு லிட்டர், இன்னைக்கு ஆறு. ரத்தத்துல அளவு 93. காய்ச்சல் மட்டும் இன்னும் விடலை. தம்பிக்குத் தமிழ்லயே எழுதிட்டேன்: "அப்பா கொஞ்சம் கொஞ்சமா தேறி வர்றார். ஆக்ஸிஜன் எட்டு லிட்டர்ல இருந்து ஆறா குறைச்சிருக்காங்க. காய்ச்சல் இருக்கு. இன்னும் ஐசியூதான். நீ வா."

வெள்ளிக்கிழமை விடியக்காலை ஃபிளைட் போட்டிருக்கான்.