பால்வெட்டில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலியா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் தனியார் ரப்பர் தோட்டம். ஆளுக்கு 300 மரம், ஒரே பால்வெட்டு (பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பது). பெண்களுக்கு மட்டும் கூலி குறைவு. சட்டத்தில் வழி உண்டா?

பதில் 1: உண்டு. 1976 சம ஊதியச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் அமல். ஒரே வேலை, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஒரே கூலி என்கிறது பிரிவு 3. வேலையின் பெயரை மாற்றித்தான் முதலாளிகள் தப்பிப்பார்கள்: ஆணுக்கு ‘வெட்டு’, பெண்ணுக்கு ‘உதவி’. அதனால் யார் எத்தனை மரம் வெட்டினார், எத்தனை லிட்டர் பால் அளந்தார் என்று தேதிவாரியாக எழுதி வையுங்கள். கூலிச் சீட்டும் கேளுங்கள். கொடுப்பது முதலாளி கடமை.

பதில் 2: மனு போட 3 வருஷம் அவகாசம். முழுசாகக் கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். நிலுவையோடு 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம்.

பதில் 3: சமப்படுத்துறேன்னு ஆண்கள் கூலியைக் குறைக்கவும் முடியாது. இதை அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க, அப்பதான் சாட்சிக்கு வருவாங்க.